மருந்தின் நான்காம் கூறு

நோயுற்ற அறிஞர் ஒருவரின் வாழ்வைக் காதற்கதையாக்கித் திரையில் காட்டும் வழக்கம் இந்நூற்றாண்டில் பெருகி வருகிறது. அறிவின் பெருமை ஒருபுறம். உடலின் தளர்ச்சி ஒருபுறம். இரண்டிற்கும் நடுவே ஒரு பெண்ணின் அன்பு. இம்மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் காண்போர் கண் கலங்காமல் இரார். கண் கலங்குவது நல்லதே. ஆயினும் கண்ணீர் உலர்ந்த பின்னர் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நோயுற்றவரின் புகழை நாம் பாடுகிறோம். அவர் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் யாது? அவ்வாழ்வைக் கதையாக்கும்போது அக்கடன் தீர்கிறதா, அல்லது மறைந்துபோகிறதா? இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆயா கேட்ட கேள்வி

இவ்வினா நம் உள்ளத்தில் தானாக எழுந்ததன்று. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில், நமக்குப் பழக்கமான ஒரு வீட்டில் சில குடும்பங்கள் கூடிக் கணிதமேதை இராமானுஜனைப் பற்றிய ஆங்கிலப் படத்தைக் கண்டோம். மாத்யூ பிரவுன் இயக்கி 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. தேவ் படேல் இராமானுஜனாகவும், தேவிகா பீசே அவர் மனைவி ஜானகியாகவும், ஜெரமி அயன்ஸ் பேராசிரியர் ஹார்டியாகவும் நடித்திருந்தனர். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கில வசனங்களை நமக்கும் முதியோர்க்கும் அவ்வப்போது தமிழில் சொல்லிவந்தனர்.

படம் முடிந்தது. பிள்ளைகள் கண்களைத் துடைத்துக்கொண்டனர். அவ்வீட்டு மூதாட்டி மட்டும் கலங்காத முகத்துடன் இருந்தார். மொழி விளங்காவிடினும் படத்தை முழுவதும் உற்றுப் பார்த்தவர் அவர். தம் பேத்தியை நோக்கிக் கேட்டார்: "ஏம்மா, இவ்ளோ நோவு வந்த மனுசனுக்கு வெந்நீ வெச்சுக் குடுத்தது யாரு? அதக் காட்டவே இல்லியே?"

பேத்தி சிரித்தாள். "படத்துல எல்லாத்தையும் காட்ட முடியாது ஆயா" என்றாள்.

ஆயா மேலும் ஒன்றும் கூறவில்லை. ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. சுரங்கத்தில் துளைப்பணி செய்து, கல்தூசு நுரையீரலில் படிந்து, படுத்தால் மூச்சு முட்டுமென்று உட்கார்ந்தபடியே உறங்கிய கணவரை ஒன்பது ஆண்டுகள் காத்தவர் அவர். ஒரு நோயாளியின் வாழ்வில் எது பெரிது, எது சிறிது என்பதை அறிந்தவர் கேட்ட கேள்வியாதலின், அதனைப் புறக்கணிக்க நமக்கு மனம் வரவில்லை.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருந்தென்பது நான்கு கூறுகளை உடையது என்று வகுக்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிலிருந்து அதனைக் காலம் தவறாமல் கொடுப்பவர் ஒருவர். இந்நான்காமவரை அவர் உழைச்செல்வான் என்று அழைக்கிறார். நோயாளியும் மருத்துவரும் மருந்தும் இருந்தால் போதுமென்று அவர் எண்ணவில்லை. ஈராயிரம் ஆண்டு மரபில் எண்ணப்பட்ட அந்நான்காமவரைத்தான் ஆயா அன்று திரையில் தேடினார் போலும்.

திரை காட்டியதும் வாழ்வில் நிகழ்ந்ததும்

சீனிவாச இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். 1909-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு அப்போது வயது 10. கரூரை அடுத்த இராசேந்திரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். சில ஆண்டுகள் பிறந்தகத்திலேயே இருந்து, பின்னர்ச் சென்னைக்கு வந்து கணவருடன் வாழத் தொடங்கினார். அவ்வில்லறமும் மாமியாரின் கண்காணிப்பில் நடந்த இல்லறமே. 1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறிய போது ஜானகிக்கு 15 வயது நிரம்பச் சில நாள்கள் இருந்தன.

திரையில் நாம் காணும் ஜானகியோ வளர்ந்த நங்கை. கணவரின் கணக்குகளுக்குப் பொருள் கேட்கிறார். கடலோரம் நின்று பிரிவாற்றாமையால் வாடுகிறார். சிறுமியைச் சிறுமியாகவே காட்டினால் காதற்கதை நில்லாது. ஆதலின் வயதை மாற்றினர். கடிதங்கள் கைக்கு எட்டாமல் போன துயரம் மட்டும் மெய்யானது. கணவர் எழுதிய மடல்கள் தம்மிடம் சேரவில்லை என்று ஜானகி அம்மாள் பின்னாளில் கூறியதுண்டு.

1917-ஆம் ஆண்டில் இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றார். மருத்துவ விடுதிகள் பலவற்றில் தங்கினார். 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் சுரங்க இரயில் பாதையில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். டிரினிட்டிக் கல்லூரியின் ஃபெலோவுமானார். புகழும் நோயும் ஒரே ஆண்டில் அவரை அடைந்தன. 1919 மார்ச்சு இறுதியில் பம்பாய்த் துறைமுகத்தில் அவர் இறங்கியபோது தாயும் தம்பியும் எதிர்கொண்டனர், ஜானகி அங்கில்லை. சென்னைக்கு வந்த பின்னரே கணவனும் மனைவியும் சந்தித்தனர். அதன் பின் ஓராண்டும் சில நாள்களுமே அவர் உயிர் வாழ்ந்தார். கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தும் பயனின்றி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

அவ்வோராண்டு நாம் கண்ட ஆங்கிலப் படத்தில் மிக விரைவாகக் கடந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் ஒன்றுசேரும் காட்சி வருகிறது. சிறிது நேரத்தில் கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு இறப்புச் செய்தி எட்டுகிறது. ஆயா தேடிய வெந்நீர் அவ்விரு காட்சிகளுக்கும் இடையில் விடுபட்ட ஓராண்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

அகமும் புறமும்

படம் எடுத்தோர் பக்கத்தில் ஒரு நியாயம் இல்லாமற் போகவில்லை. கணிதத்தைத் திரையில் காட்டுவது அரிது. எண்களின் பிரிவினைக் கணக்கைக் கண்டு கண்ணீர் விடுவோர் மிகச் சிலர். கதையில் அன்பு இருந்தால்தான் பொதுமக்கள் அமர்ந்து பார்ப்பர். அவ்வாறு பார்த்தவருள் ஒரு பிள்ளையாவது இராமானுஜனின் நூலைத் தேடிப் படிக்குமாயின் அது பெரும் பயனன்றோ? ஞான ராஜசேகரன் தமிழில் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ராமானுஜன்' படத்தையும் இவ்வகையில் நன்றியோடு நினைக்க வேண்டும். கற்பனை கலவாத கலை உலகில் இல்லை.

எனினும் நம் முன்னோர் இவ்விடத்தில் ஒரு வரம்பு கட்டினர். அகத்திணையில் காதலைப் பாடும்போது தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. பெயர் தோன்றினாலும், பெயரைக் குறிக்கும் அடையாளம் தோன்றினாலும், அப்பாட்டு அகமாகாது; புறமாகிவிடும். நெடுநல்வாடையில் தலைவியின் பிரிவுத்துயரே பேசப்பட்டாலும், பாண்டியர்க்குரிய வேம்பின் குறிப்பு வந்தமையால் அதனைப் புறமென்று நச்சினார்க்கினியர் கொண்டது கற்றோர் அறிந்ததே.

இவ்வரம்பு இலக்கணக்காரரின் பிடிவாதமென்று நாம் முன்னர் எண்ணியதுண்டு. இப்போது அதில் ஓர் அறம் இருப்பதாகத் தோன்றுகிறது. பெயரில்லாத தலைவியைப் பற்றி எவ்வளவு கற்பனை செய்தாலும் எவர்க்கும் இழப்பில்லை. பெயருடைய ஒருத்தியின் நெஞ்சில் நாமே ஒரு காதலைப் படைத்து வைத்தால், அவள் வந்து 'இஃது என் வாழ்வன்று' என்று மறுக்க இயலாது. பெயரைச் சொன்ன பின்னர்ப் புறத்தின் நெறி வந்துவிடுகிறது. புறத்தின் நெறி மெய்ம்மை. வென்றவனையும் தோற்றவனையும் பெயர் சொல்லிப் பாடிய புலவன் நிகழாத போரைப் பாடுவதில்லை. பெயர் சொல்லிக் காட்டும் வாழ்க்கைப் படம் அகத்தின் உரிமையையும் புறத்தின் புகழையும் ஒருங்கே எடுத்துக்கொள்கிறது. புறத்தின் கடமையை மட்டும் ஏற்பதில்லை. நம் குறை அதுதான்.

இரண்டு பாத்திரங்கள்

இனி, மெய்யான ஜானகி அம்மாள் எவற்றை நினைவில் வைத்திருந்தார் என்று காண்போம். முதுமையில் அவர் தம் நினைவுகளைச் சிலரிடம் கூறியுள்ளார். கணவருக்கு வேளை தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்ததையும், வலியென்று அவர் கூறும்போது காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒற்றடம் கொடுத்ததையும் தம் பேறாகக் கருதினார். அந்நாளில் வெந்நீர் வைத்த இரு பாத்திரங்களைப் பல்லாண்டுகள் தம்மிடமே வைத்திருந்து, அவற்றைக் காணும்போதெல்லாம் அக்காலத்தை எண்ணினார்.

அன்பர்களே, ஆயா கேட்ட கேள்விக்கு விடை இதோ இருக்கிறது. வெந்நீர் வைத்தவர் இருந்தார், பாத்திரமும் இருந்தது. நாம்தாம் கேட்கவில்லை.

அவ்வோராண்டில் இராமானுஜன் சும்மா கிடக்கவில்லை. உடல் எலும்பும் தோலுமான நிலையிலும், இறப்பதற்குச் சில நாள் முன்பு வரையிலும், கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1920-ஆம் ஆண்டு சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசி மடலில் மாக் தீட்டா சார்புகள் என்னும் புதுக் கண்டுபிடிப்பைத் தெரிவித்தார். அவ்வோராண்டில் எழுதிய தாள்கள் பின்னர் இங்கிலாந்து சென்று, பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். 100-க்கும் மேற்பட்ட பக்கங்கள். அவற்றில் 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். உலகம் அதனைத் தொலைந்த குறிப்பேடு என்று கொண்டாடுகிறது.

அப்பக்கங்கள் எழுதப்பட்ட அறையில் இன்னொரு வேலையும் நடந்தது. விறகு எரிந்தது, நீர் கொதித்தது, துணி நனைந்தது, மோர் ஆற்றப்பட்டது. ஒருவேலை தாளில் பதிந்து நூலகத்தை அடைந்தது. மற்றொன்று நாள்தோறும் செய்து நாள்தோறும் அழிந்தது. முன்னது இல்லையேல் பின்னதற்குப் புகழில்லை. பின்னது இல்லையேல் முன்னது எத்தனை பக்கம் குறைந்திருக்கும் என்பதை யார் அளப்பார்?

இன்னொன்றும் கருதத் தக்கது. இராமானுஜனின் நோய் காசநோயென்றே அன்றைய மருத்துவர் பெரும்பாலும் கருதினர். அது காசநோயன்று, அமீபாவால் ஈரலில் வந்த நோயாக இருக்கலாம் என்று 1994-ஆம் ஆண்டில் ஆய்வாளர் ஒருவர் எழுதினார். அவ்வாறாயின் நான்கு கூறுகளுள் மருத்துவரும் மருந்தும் தவறியிருக்கக்கூடும். இறுதிவரை தவறாது நின்றது நான்காம் கூறே.

கணவர் மறைந்தபோது ஜானகிக்கு வயது 21. சில ஆண்டுகள் பம்பாயில் தம் தமையனாருடன் இருந்து தையல் கற்றார். சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, துணி தைத்தும் பெண்களுக்குத் தையல் கற்பித்தும் பிழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த சிறு ஓய்வூதியமும் துணையாயிற்று. பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். தமக்கு வரும் உதவித்தொகையில் எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், அநாதைகளின் கல்விக்குச் செலவிட வேண்டுமென்று 1919 சனவரியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர் இராமானுஜன். அவ்விருப்பத்தைத் தையல் எந்திரத்தின் வருவாயில் ஒரு பிள்ளையளவில் நிறைவேற்றியவர் அவர் மனைவி.

தம் கணவருக்குச் சிலை வைப்பதாகக் கூறினரே, அச்சிலை எங்கே என்று முதுமையில் அவர் கேட்டார். அது ரிச்சர்டு ஆஸ்கி என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியரின் செவிக்கு எட்டியது. உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் பொருள் உதவ, பால் கிரான்லண்டு என்னும் சிற்பி மார்பளவுச் சிலைகளை வடித்தார். 1980-களில் ஒரு சிலை அவர் இல்லம் வந்து சேர்ந்தது. தமக்கென்று கேட்காமல் கணவருக்கென்று கேட்ட அப்பெருமாட்டி 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் மறைந்தார். உழைச்சென்றது ஓராண்டு, நினைவைச் சுமந்தது 74 ஆண்டுகள். காதற்கதை முடிந்ததாகத் திரை கருதும் இடத்தில்தான் அவர் வாழ்வின் பெரும்பகுதி தொடங்கியது.

எழுதியவரும் எழுதாதவரும்

இதே காலத்தில் வந்த மற்றொரு படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். ஸ்டீபன் ஹாக்கிங் என்னும் இயற்பியல் அறிஞரையும் அவர் மனைவி ஜேனையும் பற்றி, ஜேம்ஸ் மார்ஷ் இயக்கத்தில் 2014-ஆம் ஆண்டில் ஒரு படம் வெளிவந்தது. ஹாக்கிங்குக்கு 1963-ஆம் ஆண்டில், 21 வயதில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் கண்டறியப்பட்டது. ஈராண்டு உயிர் வாழ்தலே அரிதென்றனர். அதை அறிந்தே ஜேன் அவரை 1965-ஆம் ஆண்டில் மணந்தார். மூன்று மக்களை வளர்த்து, கணவரையும் பேணி, இடையே தாமும் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1995-ஆம் ஆண்டில் அம்மணவாழ்வு முறிந்தது. ஹாக்கிங் 2018-ஆம் ஆண்டு, 76-ஆம் வயதில் மறைந்தார்.

அப்படத்துக்கு அடிப்படை ஜேன் எழுதிய நூல். பேணுவதன் சோர்வையும் தனிமையையும், தன் பெயர் பிறர் கண்ணில் படாமற் போனதையும் அவர் தாமே எழுதினார். ஆதலின் படத்தில் சோர்வும் சிறிது இடம்பெற்றது, பிரிவும் இடம்பெற்றது. எனினும் ஆஸ்கர் விருது நோயாளியாக நடித்த எடி ரெட்மெயினுக்குக் கிடைத்தது; பணிவிடை செய்பவராக நடித்த ஃபெலிசிட்டி ஜோன்ஸ் பரிந்துரையோடு நின்றார். நடிப்பின் தரத்தைப் பற்றி நாம் பேசவில்லை. நோயின் வேதனை எளிதில் கண்ணுக்குப் புலனாகும். பேணுவாரின் அயர்வு அவ்வாறு புலனாகாது என்பதையே சுட்டுகிறோம்.

ஜேன் கல்வி பெற்றவர், எழுதினார். ஜானகிக்குக் குழந்தைப் பருவத்திலேயே மாலை சூட்டினர். அவர் சொன்ன சில சொற்களைப் பிறர் குறித்துக்கொண்டனர். எழுதாதவரின் வாழ்வைத் திரைக்கதை ஆசிரியர் தம் விருப்பப்படி நிரப்புகின்றனர். ஜானகி எழுதியிருந்தால் கடலோரக் காட்சி இருந்திருக்குமா, வெந்நீர்ப் பாத்திரம் இருந்திருக்குமா?

நம் ஊரின் கணக்கு

இவையெல்லாம் மேதைகளின் கதை. நமக்கென்ன என்று கேட்போருண்டு. தங்கவயலில் வாழும் நமக்கு இக்கேள்வி மிக நெருங்கியது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குப் பெருமளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் வந்து லைன் வீடுகளில் குடியேறினர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கினர். பொன் இருந்தது படிகக் கல்லில். அக்கல்லைத் துளைக்கும்போதும் வெடி வைக்கும்போதும் எழும் நுண்தூசு நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் என்னும் தீராநோயைத் தந்தது. இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்ட இடங்களுள் நம் ஊரும் ஒன்று. 1940-ஆம் ஆண்டில் மைசூர் அரசு இதற்கென விதிகள் வகுத்தது.

அதே பாறை அறிவியலுக்கும் உதவியது. மேலேயுள்ள கனத்த பாறை விண்கதிர்களைத் தடுத்துவிடுமாதலின், 1965-ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். உலக அறிவியல் வரலாற்றில் நம் ஊரின் பெயர் இதனால் நிற்கிறது. எல்லாவற்றையும் ஊடுருவிச் செல்லும் நுண்பொருளைக் காண அறிஞர் இறங்கிய குழியில், ஊடுருவி உள்ளேயே தங்கிவிடும் நுண்தூசை நம்மவர் சுவாசித்தனர். அறிவியலும் நோயும் நம் ஊரில் ஒரே குழியில் இருந்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பலர் நுரையீரலில் கல் மட்டும் எஞ்சியது. அவர்களை இராப்பகலாகத் தாங்கிய பெண்களைப் பற்றி எவர் படமெடுத்தார்?

படிவங்களோடு நாள்தோறும் பழகும் நமக்கு ஒன்று விளங்குகிறது. மருத்துவச் செலவுக்கான படிவத்தில் நோயாளியின் பெயருக்கு ஓரிடமுண்டு; மருத்துவர் கட்டணத்துக்கு ஓரிடமுண்டு; மருந்தின் விலைக்கு ஓரிடமுண்டு. வள்ளுவர் எண்ணிய நான்கனுள் மூன்றிற்கு இடமிருக்கிறது. நான்காவதற்குக் கட்டமே இல்லை. குடும்ப விவரப் படிவத்தில் மனைவியின் பெயர் சார்ந்திருப்போர் என்னும் தலைப்பின்கீழ் எழுதப்படுகிறது. அக்கட்டத்தை எத்தனையோ முறை நாம் ஐயமின்றி நிரப்பியிருக்கிறோம். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும் கணவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தன் மார்பில் தாங்கியவள் யாரைச் சார்ந்திருந்தாள்? சார்ந்திருந்தவர் யார்?

அன்பா, கட்டாயமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். பணிவிடையைக் காதலென்று புகழ்வதும் ஓர் ஏமாற்றுதானே? பத்து வயதில் மணம் செய்விக்கப்பட்ட பெண்ணுக்கு வேறு வழி இருந்ததா? லைன் வீட்டுப் பெண்ணுக்கு நோயுற்ற கணவனை விட்டு எங்குச் செல்லும் உரிமை இருந்தது? வழியற்ற கடமையை அன்பென்று பெயரிட்டுப் போற்றினால், அக்கடமையை நாளை நம் பெண்மக்கள் தலையிலும் ஏற்றுவோம் அல்லவா?

இத்தடை வலிமையுடையது. இதற்கு நாம் எளிதில் விடை கூறிவிட இயலாது. ஜேனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது, ஜானகிக்கு இல்லை. இரண்டையும் ஒன்றென்று கூறுவது பொய். ஆயினும், கட்டாயம் இருந்தமையால் அன்பே இல்லையென்று கூறுவதும் பிழையாகும். கட்டாயத்தால் நீரைக் கொதிக்க வைக்கலாம். அந்நீர் நோயாளியின் தோலுக்குத் தாங்குமா என்று தன் கையில் ஊற்றிப் பார்ப்பது கட்டாயத்தால் வருவதன்று. ஜானகி அம்மாள் அப்பாத்திரங்களை எறியாமல் வைத்திருந்ததும் எவருடைய கட்டளையாலும் அன்று.

பரிமேலழகர் அக்குறளுக்கு உரை வகுக்கும்போது, உழைச்செல்வானுக்கு வேண்டிய பண்புகளாக நான்கினைக் கூறுகிறார். நோயுற்றவரிடம் அன்பு, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கு அவை. அன்பு அங்குத் தனியே நிற்கவில்லை. தூய்மையோடும் வன்மையோடும் அறிவோடும் சேர்ந்து நிற்கிறது. பேணுதலை அவர் வெறும் உணர்ச்சியாகக் கருதவில்லை. கற்றுச் செய்ய வேண்டிய ஒரு தொழிலாகவே கருதினார். காதற்படம் அன்பை மட்டும் பிரித்தெடுத்துக் கடலோரத்தில் நிறுத்துகிறது. நம் குடும்பமோ உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் கடமை என்று பெயரிட்டு மறந்துவிடுகிறது. இரண்டும் ஒரு பிழையின் இரு பக்கங்களே.

உழைச்செல்வான் என்னும் சொல் ஆண்பாலில் அமைந்துள்ளது. அது பொதுமை நோக்கிய வழக்கெனினும், நாம் அதனை உற்று நோக்குதல் நன்று. நோயாளியின் அருகே செல்லும் வேலை பெண்ணுக்கே உரியதென்று அச்சொல் கூறவில்லை. நம் இல்லங்களில் அச்சொல் எப்போது பெண்பாலாயிற்று? மகன் மருத்துவர் கட்டணத்தைக் கொடுத்துவிட்டால் தன் கடன் தீர்ந்ததென்று பெங்களூர் இரயிலைப் பிடிக்கச் செல்கிறான். மருமகள் இரவெல்லாம் விழிக்கிறாள். இதனை எழுதும் நாமும் அவ்வாறு இரயிலைப் பிடிக்கச் சென்றவரே. நம் தந்தையார் படுக்கையில் கிடந்த மாதங்களில், மருந்துச் சீட்டுகளை வரிசைப்படுத்தி வைத்ததையே பெரும்பணியென்று எண்ணியிருந்தோம். அவருக்குச் சோறு எந்தப் பதத்தில் இறங்கும் என்பதை நம் இல்லத்தரசி அறிந்திருந்தார், நாம் அறியவில்லை. கேட்கவுமில்லை.

கடன்

ஆகவே நோயுற்ற அறிஞரைப் பற்றிய காதற்படங்களை வெறுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள், கண் கலங்குங்கள். ஆனால் படம் முடிந்த பின் ஆயா கேட்டதைக் கேளுங்கள். வெந்நீர் வைத்தது யார்? அக்கேள்விக்கு விடை தேடுவோர் நூல்களையும் தேடுவர். தம் வீட்டு அடுப்பங்கரையையும் திரும்பிப் பார்ப்பர்.

பேணுவாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் மூன்றென்று தோன்றுகிறது. அவர் செய்ததை உள்ளபடி கூறுதல் முதலாவது. அழகுபடுத்தலும் வேண்டா, மறைத்தலும் வேண்டா. அவர் முதுமையில் பிறர் கையை எதிர்பாராமல் வாழ வகை செய்தல் இரண்டாவது. மேதையின் மனைவியைத் தையல் எந்திரம் காத்த வரலாறு நமக்குப் பாடமாகட்டும். அவ்வேலையில் பங்கேற்றல் மூன்றாவது. முன்னிரண்டையும் அரசிடமும் சங்கங்களிடமும் கேட்கலாம். மூன்றாவதை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று நாம் விடைபெறும் வேளையில், சிரித்த பேத்தியே ஆயாவின் அருகில் போய் அமர்ந்தாள். "ஆயா, தாத்தாவுக்கு நீ எப்படி வெந்நீ வெச்ச? அப்ப கேஸ் அடுப்பு இருந்துதா?" என்று கேட்டாள். ஆயா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, லைன் முனையில் இருந்த குழாயில் நள்ளிரவில் தண்ணீர் பிடிக்கச் சென்றதிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவ்வீட்டில் எவரும் அதனை முன்னர்க் கேட்டதில்லை. நாம் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை இருந்தோம்.